கத்தியின் கூரும் கருவியின் கோணமும்

கத்தியின் கூர் எனப்படுவது அலகின் இரு பக்கச் சரிவுகளும் வந்து சந்திக்கும் ஒரு கோடு. அந்தக் கோட்டின் அகலம் ஒரு மைக்ரானுக்கும், அதாவது மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும், குறைவாக இருக்கும்வரை கத்தி தக்காளித் தோலில் வழுக்காமல் இறங்குகிறது. அதே கோடு பல மைக்ரான் அகலத்துக்கு மழுங்கிவிட்டால் தோல் அறுபடுவதற்கு முன்பே பழம் நசுங்குகிறது. தீட்டுதல் என்ற வேலை முழுவதும் இவ்விரு சரிவுகளையும் கைப்பிடிப் பக்கத்திலிருந்து நுனிவரை ஒரே கோணத்தில் சந்திக்கச் செய்வதில்தான் அடங்கியிருக்கிறது. கையால் தீட்டும்போது ஒவ்வொரு இழுப்பிலும் கோணம் சிறிது ஆடுவதால், தட்டையாக இருக்க வேண்டிய சரிவு சற்றே உருண்டு போகிறது. இந்த ஆட்டத்தை நீக்கவே, கத்தியைக் கிளாம்பில் இறுக்கி, கல்லை ஒரு கம்பியில் பொருத்தி, அந்தக் கம்பியை நிலையான ஒரு மூட்டைச் சுற்றி மட்டுமே அசையவிடும் கருவிகள் உருவாயின. 17, 20, 25, 30 டிகிரி என நான்கு கோணங்களுக்குத் துளையிட்ட லான்ஸ்கியின் எளிய கருவியில் தொடங்கி, அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்து எட்ஜ் புரோ, நியூ மெக்சிகோவின் விக்கட் எட்ஜ், உக்ரைனின் ஹாப்ஸ்டோன், ரஷ்யாவின் டிஎஸ்புரோஃப் வரை அடிப்படை ஏறத்தாழ ஒன்றேயாயினும், விலை மட்டும் சில ஆயிரம் ரூபாயிலிருந்து லட்சத்தை நெருங்கும் அளவுக்கு விரிந்து கிடக்கிறது.

விலையுயர்ந்த கத்திக்கு இத்தகைய கட்டுப்பாடு ஏன் தேவை என்பதற்கான விடை அதன் எஃகில் இருக்கிறது. ஒரு வைரக் கூம்பை உலோகத்தில் அழுத்தி, அது எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்பதைக் கொண்டு கடினத்தன்மையைக் கணக்கிடும் ராக்வெல் சி அளவுகோலில், ஜெர்மானியச் சமையலறைக் கத்திகள் வழக்கமாக 56 முதல் 58 வரையிலும், ஜப்பானின் விஜி-10 எஃகால் ஆனவை 60ஐ ஒட்டியும் நிற்கின்றன. கடினமான எஃகு எளிதில் மடங்காது என்பதால் அதன் விளிம்பைப் பக்கத்துக்கு 15 டிகிரி, சில வேளை அதற்கும் குறைவான கோணத்தில் மெலிதாக வைக்க முடிகிறது. மெலிந்த விளிம்பு குறைந்த விசையில் வெட்டுகிறது, நீண்ட நாள் வெட்டும் திறனையும் காக்கிறது. ஆனால் கடினம் ஏறும்போது பெரும்பாலும் எஃகு எளிதில் சில்லுவிடும் தன்மையையும் பெறுவதால், தேவைக்கு மேல் மெலிந்துவிட்ட இடம் முதலில் உடைகிறது.

கடினத்தன்மையைவிடவும் கருவி வாங்குவோர் கவனிக்க வேண்டியது எஃகுக்குள் இருக்கும் கார்பைடு துகள்களை. அமெரிக்காவின் குரூசிபிள் நிறுவனம் 2001ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்திய சிபிஎம் எஸ்30வி எஃகில் 4 சதவீதமும், அதே நிறுவனத்தின் எஸ்90வி எஃகில் 9 சதவீதமும் வனேடியம் கலந்திருக்கிறது. இந்த வனேடியம் கார்பனுடன் சேர்ந்து உருவாக்கும் நுண்துகள்களின் கடினம் விக்கர்ஸ் அளவுகோலில் 2,600ஐ ஒட்டியிருக்க, சாதாரணச் சாணைக்கல்லில் அரைக்கும் பொருளாக இருக்கும் அலுமினியம் ஆக்சைடின் கடினமோ 2,000 சொச்சம்தான். அத்தகைய கல் சுற்றியுள்ள எஃகைத் தேய்க்குமே தவிர, துகளைச் சீவாது. வைரமும் கன போரான் நைட்ரைடும் துகளையும் சேர்த்து அறுக்கின்றன. ஆகவே வனேடியம் மிகுந்த எஃகு வைத்திருப்பவர் வைரக்கல் பொருத்த இயலாத கருவியை, அது எவ்வளவு நேர்த்தியாகச் செய்யப்பட்டிருந்தாலும், வாங்குவதில் பொருளில்லை. தெருவோரச் சாணைச் சக்கரத்திடம் இத்தகைய கத்தியைக் கொடுப்பதும் தவறு: பல ஜப்பானியக் கரிம எஃகுகள் 200 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில்தான் பதப்படுத்தப்படுகின்றன, தண்ணீரின்றி வேகமாகச் சுழலும் சக்கரம் மெல்லிய விளிம்பை அதற்கும் மேலே சூடாக்கி, எஃகின் கடினத்தைக் குறைத்துவிடக்கூடும்.

இனிக் கோணத்தின் கணக்குக்கு வரலாம்; இக்கருவிகளைப் பற்றிய தவறான எண்ணங்கள் மிகுதியாக இருப்பது இங்கேதான். கல் மூட்டிலிருந்து விலகி நுனியை நோக்கிச் செல்லும்போது கம்பி நீள்வதால் கோணமும் குறைந்துவிடும் என்று பலர் நம்புகின்றனர். உண்மையில் கல்லின் தளம் இரண்டு நிபந்தனைகளுக்கு மட்டுமே கட்டுப்பட்டது: அது மூட்டின் வழியாகச் செல்ல வேண்டும், விளிம்பைத் தொட வேண்டும். விளிம்பு நேர்கோடாக இருந்தால், ஒரு புள்ளியும் ஒரு நேர்கோடும் சேர்ந்து ஒரே ஒரு தளத்தைத்தான் தீர்மானிக்கும் என்பதால், கல் எங்கே நின்றாலும் கோணம் மாறாது. கோணம் மாறுவது அலகு நுனியை நோக்கி வளையும் பகுதியில்தான். மூட்டிலிருந்து கத்தியின் தளத்துக்கு ஒரு செங்குத்துக்கோடு இறக்கினால் அது தொடும் இடத்தை அடிப்புள்ளி எனக் கொள்ளலாம். அந்த அடிப்புள்ளியிலிருந்து, கல் தொடும் இடத்தில் விளிம்புக்கு வரையப்படும் தொடுகோட்டுக்கு உள்ள தூரமே கோணத்தைத் தீர்மானிக்கிறது. மூட்டு 5.4 செ.மீ. உயரத்திலும் விளிம்பின் நேரான பகுதி 20 செ.மீ. தூரத்திலும் இருந்தால் கோணம் 15 டிகிரியை ஒட்டி அமையும். வளைவில் தொடுகோடு 17 செ.மீ. தூரத்துக்கு நெருங்கினால் அது 17.6 டிகிரியாக ஏறும், 22 செ.மீ.க்கு விலகினால் 13.8 ஆகச் சரியும். கத்தியைக் கிளாம்பில் இடமோ வலமோ நகர்த்துவது நேரான பகுதியின் கோணத்தைத் தொடாமல் வளைவின் கோணத்தை மட்டும் மாற்றும் என்பது இந்தக் கணக்கிலிருந்து கிடைக்கும் மிகப் பயனுள்ள செய்தி. நுனியருகே சரிவு அகன்றுகொண்டே போனால் கத்தியைச் சிறிது நகர்த்திப் பிடித்தாலே போதும். புதுக் கருவி தேவையில்லை.

கல்லை மாற்றும்போதும் இதே கணக்கு குறுக்கிடுகிறது. 20 செ.மீ. தூரத்தில் கல்லின் தடிமன் 1 மி.மீ. கூடினால் கோணம் ஏறத்தாழ 0.3 டிகிரி மாறும்; மென்மையான கற்கள் தேயத்தேய இது தானாகவே நிகழும். கல்லின் மேல் வைத்துக் கோணம் பார்க்கும் சிறு மின்னணுக் கருவியும், மூட்டின் உயரத்தை நுணுக்கமாகத் திருத்தும் திருகும் உள்ள மாதிரிகளுக்குக் கூடுதல் விலை கொடுப்பது நியாயமே.

கிளாம்ப்தான் பெரும்பாலான மலிவுக் கருவிகளின் பலவீனம். முதுகிலிருந்து விளிம்புவரை மெலிந்துகொண்டே வரும் அலகை இணையான தாடைகள் ஒரு கோட்டில் மட்டுமே பற்றுவதால் அலகு உள்ளே சாய்கிறது. அந்தச் சாய்வு 1 டிகிரி என்றால் ஒரு பக்கம் 14, மறுபக்கம் 16 என விளிம்பு ஒருபுறம் ஒதுங்கிவிடும். அலகின் சரிவுக்கேற்பத் திரும்பிக்கொள்ளும் தாடைகளும், நீண்ட கத்தியை இரண்டு இடத்தில் பற்றும் வசதியும் உள்ளனவா என்று பார்ப்பது கற்களின் எண்ணிக்கையைப் பார்ப்பதைவிட முக்கியமானது.

கற்களின் எண்களும் ஏமாற்றக்கூடியவை. 1000 என்ற ஒரே எண், ஐரோப்பிய பி வரிசையில் 18 மைக்ரான் துகளையும், ஜப்பானிய வரிசையில் ஏறத்தாழ 11.5 மைக்ரான் துகளையும், ஐரோப்பிய எஃப் வரிசையில் 4.5 மைக்ரான் துகளையும் குறிக்கிறது. வெவ்வேறு வரிசைக் கற்களை எண்ணை மட்டும் நம்பி அடுக்கினால், பின்னால் வரும் கல் முன்னதைவிடச் சொரசொரப்பாக அமைந்துவிடலாம். மைக்ரான் அளவைக் குறிப்பிடாத கற்களைத் தவிர்ப்பது நல்லது. சமையலறைக்குக் கண்ணாடிபோல் மின்னும் விளிம்பு தேவையும் இல்லை. ஜப்பானிய வரிசையில் 1000 முதல் 3000 வரையிலான கல் விட்டுச்செல்லும் நுண்பற்களே காய்கறித் தோலை நன்றாகப் பற்றி அறுக்கின்றன.

கருவி எதுவானாலும் முதல் இழுப்புக்கு முன் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. சரிவின் முழு நீளத்துக்கும் அழியாத மை கொண்ட மார்க்கர் பேனாவால் கறுப்புப் பூசி, கல்லை எடையின்றி இரண்டு முறை ஓட்டிவிட்டு, பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியில் பார்க்க வேண்டும். மை சரிவின் மேல்விளிம்பில் மட்டும் அழிந்திருந்தால் கோணம் குறைவு, வெட்டும் விளிம்பில் மட்டும் அழிந்திருந்தால் கோணம் அதிகம். முழு அகலத்துக்கும் சீராக அழிந்திருந்தால்தான் கல் பொருந்தியிருக்கிறது. பிறகு, மறுபக்கத்தில் விரலை விளிம்பின் குறுக்கே, உள்ளிருந்து வெளியே மெல்ல நகர்த்தினால் தட்டுப்படும் பிசிறு, அதாவது கல் தள்ளிவிட்ட மெல்லிய உலோக மடிப்பு, நுனிவரை அறுபடாமல் வந்திருக்க வேண்டும். அது வராத இடத்தில் சரிவுகள் இன்னும் சந்திக்கவில்லை. அடுத்த கல்லுக்குப் போகக்கூடாது.

இக்கருவிகளால் தீர்க்க முடியாத ஒன்றும் இருக்கிறது. ஒவ்வொரு தீட்டலிலும் விளிம்பு சற்றே பின்வாங்கி, அலகின் தடித்த பகுதிக்குள் நுழைகிறது. விளிம்பை ஒட்டிய தடிமன் 0.5 மி.மீ. இருந்தபோது 15 டிகிரியில் ஏறத்தாழ 1 மி.மீ. அகலமாக இருந்த சரிவு, தடிமன் 1 மி.மீ. ஆனதும் இரு மடங்காகும். கூர் இருந்தும் கத்தி கேரட்டைப் பிளக்குமே தவிர சீவாது. அப்போது அலகின் பக்கங்களையே கல்லில் படுக்கவைத்து மெலிதாக்க வேண்டும். அது பெரும்பாலான கம்பிக் கருவிகள் எட்டாத தாழ்ந்த கோணம். மீன் சீவும் யானகிபா, மீன் வெட்டும் டேபா போன்ற ஒருபக்கச் சரிவுக் கத்திகள் முழுக்க இப்படித்தான் தீட்டப்பட வேண்டியவை என்பதால், அவற்றை வைத்திருப்போர் எந்த உயர்விலைக் கருவியையும் வாங்க வேண்டியதில்லை. நல்ல நீர்க்கற்கள் இரண்டும், அவற்றைச் சமப்படுத்த ஒரு வைரத் தட்டும் போதும்.