கல்நார் தூசும் தொழில்வழிப் புற்றுநோயும்

கல்நார் என்பது பாறைகளில் இயற்கையாகக் கிடைக்கும் இழை வடிவக் கனிமம் ஆகும். ஆங்கிலப் பெயரையொட்டி ஆஸ்பெஸ்டாஸ் என்றும் வழங்கப்படுகிறது. கல்லாக இருந்தும் வாழைநாரைப் போல இழை இழையாகப் பிரிவதால் தமிழில் இப்பெயர் பெற்றது. இதன் தூசைப் பல ஆண்டுகள் சுவாசிப்பவர்களுக்கு நுரையீரல் இறுக்கநோய், நுரையீரல் புற்றுநோய், மீசோதெலியோமா எனப்படும் நுரையீரல் உறைப் புற்றுநோய் ஆகியவை வரக்கூடும். இந்நோய்கள் தூசு உட்புகுந்த உடனே தோன்றுவதில்லை. பெரும்பாலும் 20 முதல் 50 ஆண்டுகள் கழித்தே வெளிப்படுகின்றன. தொழிலாளி வேலையை விட்டு, ஆலையும் மூடப்பட்ட பிறகு நோய் வருவதால் காரணத்தை நிறுவுவது கடினமாகிறது.

வகைகள்

கல்நார் என்ற பெயரில் ஆறு கனிமங்கள் அடங்கும். வெள்ளைக் கல்நார் எனப்படும் கிரைசோடைல், பாம்புக்கல் எனப்படும் செர்பென்டைன் பிரிவைச் சேர்ந்தது. அதன் இழைகள் சுருண்டவை. குரோசிடோலைட் (நீலம்), அமோசைட் (பழுப்பு), டிரெமோலைட், ஆக்டினோலைட், ஆந்தோபிலைட் ஆகிய ஐந்தும் ஆம்பிபோல் பிரிவைச் சேர்ந்தவை. இவற்றின் இழைகள் ஊசிபோல் நேரானவை. இன்று உலக வணிகத்தில் உள்ளது ஏறத்தாழ முழுவதும் வெள்ளைக் கல்நாரே.

சேலம் நகரின் வட பகுதியில், அஸ்தம்பட்டியைத் தாண்டி ஏற்காடு மலையடிவாரம் நோக்கிச் செல்வோர் காணும் சுண்ணாம்புக்கரட்டின் வெள்ளைக் கல்லைச் சிலர் கல்நார் எனக் கருதுவதுண்டு. அது மேக்னசைட் என்னும் மெக்னீசியம் கார்பனேட். உலைகளுக்கான தீச்செங்கல் செய்ய அது பயன்படுகிறது. கார்பனேட் கனிமமான அது கல்நார் அன்று. எனினும் எந்தக் கற்தூசையும் நாள்தோறும் சுவாசிப்பது நுரையீரலுக்குக் கேடு தரும்.

பயன்பாடு

கல்நார் நெருப்பில் எரியாது, தேய்மானத்தைப் பெரிதும் தாங்கும், மின்சாரத்தைக் கடத்தாது, விலையும் குறைவு. இதனால் இருபதாம் நூற்றாண்டில் ஆயிரக்கணக்கான பொருள்களில் சேர்க்கப்பட்டது. கொதிகலன், நீராவிக் குழாய், கப்பல் ஆகியவற்றின் வெப்பக்காப்புறை, தீயணைப்போர் உடை, வாகனங்களின் பிரேக் லைனிங், கிளட்ச் தகடு, எஞ்சின் கேஸ்கெட், குடிநீர்க் குழாய், கூரைத் தகடு ஆகியன அவற்றுள் சில.

இந்தியாவில் இதன் பெரும்பகுதி கூரைத் தகடுகளுக்கே செல்கிறது. மக்கள் 'சிமெண்ட் ஷீட்' என்று சொல்லும் நெளிதகட்டில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கல்நார் இழையும் மீதி பெரும்பாலும் சிமெண்டும் இருக்கும். தமிழ்நாட்டில் கோயம்புத்தூரை அடுத்த போத்தனூர், அரக்கோணம் ஆகிய இடங்களில் இத்தகைய தகடு செய்யும் ஆலைகள் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் தொடங்கப்பட்டன. சேலம், நாமக்கல் மாவட்டங்களில் விசைத்தறிக் கூடங்கள், கோழிப்பண்ணைகள், பட்டறைகள், சிறு வீடுகள் எனப் பலவற்றிலும் இக்கூரையைக் காணலாம்.

நோய் உண்டாகும் முறை

கல்நார்ப் பொருளை அறுக்கும்போதும், துளையிடும்போதும், உடைக்கும்போதும் இழைகள் காற்றில் பரவுகின்றன. அளவீட்டில் கணக்கில் கொள்ளப்படும் இழை 5 மைக்ரோமீட்டருக்கு மேல் நீளமும் 3 மைக்ரோமீட்டருக்குக் குறைந்த அகலமும் உடையது. மனித முடியின் தடிமன் சுமார் 70 மைக்ரோமீட்டர். எனவே இந்த இழை கண்ணுக்குத் தெரியாது. இதற்கு மணமும் இல்லை. காற்றடங்கிய அறையில் பல மணி நேரம் மிதக்கும்.

மூச்சோடு நுழையும் சாதாரணத் தூசை மூக்கின் முடியும் மூச்சுக்குழாயின் சளியும் பிடித்து வெளியேற்றுகின்றன. மெல்லிய கல்நார் இழை அவற்றைக் கடந்து காற்றுப்பைகளை அடைகிறது. அங்குள்ள விழுங்கணுக்கள் அதை விழுங்கிக் கரைக்க முயல்கின்றன. இழை அணுவைவிட நீளமாக இருப்பதால் முழுவதும் விழுங்க முடிவதில்லை, கரைக்கவும் முடிவதில்லை. முயன்று மடியும் அணுக்கள் வேதிப்பொருள்களை உமிழ்கின்றன. அவ்விடத்தில் தீராத அழற்சி உண்டாகித் திசு தழும்பேறுகிறது. அணுக்களின் மரபுப்பொருளான டி.என்.ஏ. மீண்டும் மீண்டும் சேதமடைகிறது. சேதம் பல ஆண்டுகளில் குவிந்து, கட்டுப்பாடின்றிப் பெருகும் அணு ஒன்று தோன்றினால் அதுவே புற்றுநோயின் தொடக்கம்.

நோய்கள்

கல்நார் நுரையீரல் நோய் (ஆஸ்பெஸ்டோசிஸ்): நுரையீரல் தழும்பேறி இறுகும் நோய். இது புற்றுநோய் அன்று. மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குதல், வறட்டு இருமல், விரல் நுனி தடித்தல் ஆகியவை அறிகுறிகள். இறுகிய பகுதி மீண்டும் பழைய நிலைக்குத் திரும்பாது.

நுரையீரல் புற்றுநோய்: புகைபிடிப்பவர்களுக்கு வரும் அதே புற்றுநோய் கல்நாராலும் வருகிறது. இரண்டும் சேர்ந்தால் ஆபத்து கூடுவதில்லை, பெருகுகிறது. ஹேமண்ட், செலிகாப் ஆகியோர் அமெரிக்க வெப்பக்காப்புத் தொழிலாளர்களை ஆராய்ந்து 1979-இல் வெளியிட்ட கணக்கு புகழ்பெற்றது. புகைக்காத, கல்நாரைத் தொடாத ஒருவரின் இறப்பு வாய்ப்பை 1 எனக் கொண்டால், கல்நார் வேலை மட்டும் செய்தவருக்கு அது சுமார் 5. புகை மட்டும் பிடித்தவருக்குச் சுமார் 11. இரண்டும் உடையவருக்கு 50-க்கும் மேல்.

மீசோதெலியோமா: நுரையீரலையோ வயிற்று உள்ளுறுப்புகளையோ போர்த்தியிருக்கும் மெல்லிய உறையில் தோன்றும் புற்றுநோய். பொதுமக்களிடம் மிக அரிது. இதற்குப் புகைப்பழக்கம் காரணமன்று. கல்நாரே முதன்மைக் காரணம். நெஞ்சுவலி, நுரையீரலைச் சுற்றி நீர் கோத்தல், எடை குறைதல் ஆகியவை அறிகுறிகள். இவை காசநோயின் அறிகுறிகளை ஒத்திருப்பதால், நோயாளி முன்பு செய்த வேலையை மருத்துவரிடம் சொல்வது மிக முக்கியம்.

உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, கல்நாரின் ஆறு வகைகளையும் மனிதரில் புற்றுநோய் உண்டாக்குவது உறுதிப்பட்ட முதல் தொகுதியில் வைத்துள்ளது. குரல்வளை, சினைப்பை ஆகியவற்றின் புற்றுநோய்க்கும் கல்நார் காரணம் என்பது அதன் முடிவு. உலகில் ஆண்டுதோறும் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தொழில்வழிக் கல்நாரால் இறப்பதாக உலக சுகாதார அமைப்பு மதிப்பிடுகிறது.

அறிந்த வரலாறு

இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் கல்நார் நூற்பாலையில் உழைத்த நெல்லி கெர்ஷா என்ற பெண் 1924-இல் தமது 33-ஆம் வயதில் இறந்தார். அவருடைய நுரையீரலை ஆராய்ந்த மருத்துவர் வில்லியம் குக் அதில் கல்நார்த் துகள்களைக் கண்டு மருத்துவ இதழில் எழுதினார். ஆலை நிர்வாகம் இழப்பீடு தரவில்லை. 1930-இல் அரசுக்கு அளிக்கப்பட்ட மெரிவெதர், பிரைஸ் அறிக்கைக்குப் பின் 1931-இல் பிரித்தானியா தூசுக் கட்டுப்பாட்டு விதிகளை இயற்றியது.

1955-இல் ரிச்சர்டு டால், கல்நார் ஆலையில் 20 ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றிய 113 ஆண்களை ஆராய்ந்தார். அவர்களில் நுரையீரல் புற்றுநோயால் ஒருவர்கூட இறக்க எதிர்பார்க்கப்படாத நிலையில் 11 பேர் இறந்திருந்தனர். 1960-இல் தென்னாப்பிரிக்காவில் வாக்னரும் உடன் ஆய்வாளர்களும் 33 மீசோதெலியோமா நோயாளிகளைப் பற்றி எழுதினர். அவர்களுள் சுரங்கத்தில் வேலை செய்யாமல் அதன் அருகில் வாழ்ந்தவர்களும் இருந்தனர். தூசு படிந்த வேலையுடையை வீட்டில் துவைத்த மனைவியருக்கும் இந்நோய் வந்தது பின்னர் பல நாடுகளில் பதிவாகியுள்ளது.

இந்தியாவில்

இந்தியாவில் 1986 முதல் கல்நார்ச் சுரங்கங்களுக்குப் புதிய குத்தகை வழங்குவது நிறுத்தப்பட்டது. ஆனால் ரஷ்யா, கசகஸ்தான், பிரேசில் போன்ற நாடுகளிலிருந்து வெள்ளைக் கல்நாரை இறக்குமதி செய்வதும் பயன்படுத்துவதும் தொடர்கின்றன. சார்க்கண்டின் சாய்பாசா அருகே ரோரோ மலையில் இருந்த சுரங்கம் 1983-இல் கைவிடப்பட்டது. அதன் கழிவுக் குவியல் மலைச்சரிவில் அப்படியே விடப்பட்டு, கீழுள்ள சிற்றூர்களின் வயல்களுக்கு மழையில் அடித்து வரப்பட்டது.

மும்பையில் கல்நார்க் கலப்புப் பொருள் ஆலை ஒன்றின் தொழிலாளர் 181 பேரைப் பரிசோதித்து 2005-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், ஐவரில் ஒருவருக்கும் மேல் ஆஸ்பெஸ்டோசிஸ் இருந்தது தெரியவந்தது.

இத்துறையில் வழிகாட்டியாக உள்ளது 27 சனவரி 1995 அன்று உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பு. அகமதாபாத்தைச் சேர்ந்த நுகர்வோர் கல்வி மற்றும் ஆய்வு மையம் தொடுத்த வழக்கில், தொழிலாளியின் உடல்நலமும் மருத்துவ வசதியும் அரசமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று நீதிமன்றம் கூறியது. ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டையும் வேலையில் சேர்ந்தது முதல் 40 ஆண்டுகள், அல்லது பணி முடிந்தபின் 15 ஆண்டுகள், இவற்றுள் எது பிந்தையதோ அதுவரை ஆலை காக்க வேண்டும் என ஆணையிட்டது. நோயுற்றதாக அகமதாபாத்தின் தேசியத் தொழில்நல நிறுவனம் சான்றளிக்கும் தொழிலாளிக்கு ஒரு இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும் கூறியது. கல்நாரை முற்றாகத் தடை செய்யக் கோரிய மற்றொரு வழக்கை 2011-இல் தள்ளுபடி செய்த உச்சநீதிமன்றம், 1995-ஆம் ஆண்டு நெறிகளைப் பின்பற்ற வலியுறுத்தியது.

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் ஆஸ்பெஸ்டோசிசை அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோயாகப் பட்டியலிட்டது. 1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையும் கல்நாரால் வரும் நுரையீரல் புற்றுநோயையும் மீசோதெலியோமாவையும் தொழில்நோய்களாக ஏற்றது. 2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் இச்சட்டங்களை உள்ளடக்குகின்றன.

பதிவில்லாத தொழிலாளர்

உச்சநீதிமன்றம் கூறிய பதிவேடு ஆலைத் தொழிலாளிக்கு உதவும். ஆனால் கல்நார்த் தூசு ஆலையோடு முடிவதில்லை. வாரம் ஒரு கட்டிடத்தில் தகடு வேயும் கூரை வேலைக்காரர், பழைய கொட்டகையைப் பிரித்து விற்பவர், குழாய் பதிப்பவர், பட்டறையில் பிரேக் வேலை செய்பவர் ஆகியோருக்குப் பதிவேடே கிடையாது.

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரம் லாரித் தொழிலுக்கும் ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டிகளுக்கும் பெயர் பெற்றது. பிரேக் டிரம்மைக் கழற்றியதும் உள்ளே படிந்த தூசைக் காற்றுக்குழாயால் ஊதி அகற்றுவது பட்டறைகளில் வழக்கம். லைனிங்கில் கல்நார் இருந்தால், ஊதுபவர் அதை நேரே தம் முகத்தின்முன் பரப்புகிறார். கல்நார் இல்லாத லைனிங்குகளும் இன்று விற்கப்படுகின்றன. பார்வையால் இரண்டையும் வேறுபடுத்த முடியாது.

தற்காப்பு

உடையாத, விரிசலற்ற கூரையின் கீழ் வாழ்வோர் அச்சப்படத் தேவையில்லை. சிமெண்டில் பிணைந்த இழை தானாகப் பெருமளவில் உதிர்வதில்லை. அதைத் தொந்தரவு செய்யும்போதே ஆபத்து கூடுகிறது. பின்வருவன பொதுவாக ஏற்கப்பட்ட முறைகள்:

- தகட்டை மின் அறுப்பானால் அறுக்கக் கூடாது. தவிர்க்க முடியாதபோது நனைத்துக் கைரம்பத்தால் அறுக்க வேண்டும்.
- தூசை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கவோ காற்றால் ஊதவோ கூடாது. ஈரத்துணியால் துடைத்துத் துணியையும் பையில் கட்டி அகற்ற வேண்டும்.
- முகத்தில் கட்டும் துண்டு இழையைத் தடுக்காது. நுண்தூசு வடிகட்டியுள்ள முகக்கவசம், முகத்தோடு இடைவெளியின்றிப் பொருந்த வேண்டும்.
- பழைய கூரையைப் பிரிக்கும்போது ஆணிகளைக் கழற்றித் தகட்டை முழுதாக இறக்க வேண்டும். தகட்டின்மேல் நேரடியாகக் கால் வைத்தால் அது உடைந்து கீழே விழும் ஆபத்தும் உண்டு.
- உடைசலைப் பள்ளம் நிரப்பவோ பாதைக்கு இடவோ கூடாது. கல்நார்த் தொழிலின் கழிவு 2016-ஆம் ஆண்டுத் தீங்குதரும் கழிவு விதிகளின் பட்டியலில் உள்ளது.
- வேலையுடையோடு வீட்டுக்குள் செல்லாமல், உடையைத் தனியே நனைத்துத் துவைக்க வேண்டும்.
- புகைப்பதை நிறுத்துவது, ஏற்கெனவே தூசைச் சுவாசித்தவருக்கும் பயன் தரும்.

நோய் கண்டறிய மார்பு எக்ஸ்-ரே, சி.டி. ஸ்கேன், மூச்சுத்திறன் சோதனை, திசுப் பரிசோதனை ஆகியவை உதவுகின்றன. மீசோதெலியோமாவுக்கு வேதிச்சிகிச்சையும் அண்மைக்கால நோயெதிர்ப்புச் சிகிச்சையும் ஆயுளை நீட்டிக்கின்றன, முழுக்குணம் அரிது. ஆகவே வருமுன் காத்தலே முதன்மையானது.

உலக நிலை

ஐரோப்பிய ஒன்றியம் 2005 முதல் கல்நாரைத் தடை செய்துள்ளது. ஆஸ்திரேலியாவில் 2003-இன் முடிவிலும், ஒருகாலத்தில் பெரும் ஏற்றுமதியாளராக இருந்த கனடாவில் 2018-இலும் தடை வந்தது. பிரேசிலின் உச்சநீதிமன்றம் 2017-இல் பயன்பாட்டைத் தடை செய்தது. அமெரிக்கா 2024-இல் வெள்ளைக் கல்நாரின் எஞ்சிய பயன்பாடுகளைத் தடை செய்யும் விதியை வெளியிட்டது.

தடை எளிதன்று என்பதற்கு இலங்கை சான்று. அந்நாடு கல்நார் இறக்குமதியைப் படிப்படியாக நிறுத்த முடிவெடுத்திருந்தது. 2017 டிசம்பரில், சரக்கில் வண்டு இருந்ததாகக் கூறி ரஷ்யா இலங்கைத் தேயிலையை வாங்குவதை நிறுத்தியது. இலங்கை தன் கல்நார்க் கட்டுப்பாட்டைத் தள்ளிவைத்தது. தேயிலை வணிகம் மீண்டும் தொடங்கியது.

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1986-ஆம் ஆண்டுக் கல்நார் உடன்படிக்கையை (எண் 162) இந்தியா ஏற்கவில்லை. இந்நிலையில் தொழிலாளியின் கையிலுள்ள சான்றுகளே அவருக்குப் பிற்காலத்தில் துணை. சம்பளச் சீட்டு, ஈ.எஸ்.ஐ. அட்டை, கட்டுமானத் தொழிலாளர் நலவாரிய அட்டை, பழைய எக்ஸ்-ரே படங்கள் ஆகியவற்றைப் பத்திரப்படுத்துவது நல்லது. எந்த ஆண்டு, எந்த இடத்தில், என்ன வேலை என்று ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்தால், முப்பது ஆண்டுகள் கழித்து மருத்துவரும் இழப்பீட்டு ஆணையரும் கேட்கும் முதல் கேள்விக்கு அது விடையாகும்.