மலை ஏறிய பாதையும் மலை இறங்கும் நீரும்

ஜெயமங்கலத்திலிருந்து ஒரு குடும்பப் பயணம்

தை மாதத்தின் ஒரு விடியற்காலை. சுபுஹுத் தொழுகை முடித்து, பேரனுடன் வராக நதிக் கரையில் சற்றே நடந்துகொண்டிருந்தேன். வடகிழக்குப் பருவமழை அவ்வாண்டு குறைவின்றிப் பெய்திருந்தமையால் ஆற்றில் தெளிந்த நீர் ஓடிற்று. பேரன் நின்றான்.

"நன்னா, இந்தத் தண்ணி எங்கேயிருந்து வருது?"

"அதோ தெரியுதே, அந்த மலையிலேயிருந்து."

"மலை மேலே யாரு ஊத்துறா?"

"அல்லாஹ் மழையைத் தருகிறான்" என்றேன். அது உண்மையான விடை. ஆனால் முழு விடையன்று. பெய்த மழை மறுநாளே வடிந்துவிடாமல், மாதக்கணக்கில் எப்படி ஓடி வருகிறது? அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக அந்த மலையைத் தினமும் பார்த்து வாழ்ந்த எனக்கே அதைத் தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை. கொடைக்கானலுக்குப் பலமுறை சென்றிருக்கிறேன். ஏரியைச் சுற்றியிருக்கிறேன், பேரிக்காயும் பிளம்ஸும் வாங்கி வந்திருக்கிறேன். அவ்வளவுதான்! பூமியில் பயணம் செய்து படிப்பினை பெறுமாறு திருமறை பல இடங்களில் அழைக்கிறது. பயணம் செய்திருந்தேன், படிப்பினை பெற்றேனா என்பதுதான் கேள்வி.

அந்த வாரக் கடைசியிலேயே ஒரு வேன் அமர்த்தினோம். மனைவி, மகன், மருமகள், இரு பேரப்பிள்ளைகள், நான். இரண்டு நாள் பயணம். இம்முறை கடைவீதியைப் பார்ப்பதற்காக அல்ல. நீர் வரும் வழியையும், மனிதர் ஏறிய வழியையும் பார்ப்பதற்காக.

கும்பக்கரையில் தொடக்கம்

ஜெயமங்கலத்திலிருந்து பெரியகுளம் சென்று, அங்கிருந்து சில கிலோமீட்டர் மலையடிவாரம் நோக்கிப் போனால் கும்பக்கரை அருவி. கொடைக்கானல் மலையில் தோன்றும் பாம்பாறு இங்கே பாறைகளின் மேல் வழிந்து இறங்குகிறது. யானைக் கெஜம், குதிரைக் கெஜம், பாம்புக் கெஜம் என்று விலங்குகளின் பெயர் தாங்கிய ஆழமான பாறைக் குழிகள் இங்கு உண்டு. அருவி வனத்துறையின் பொறுப்பில் உள்ளது. பார்வைக்கு அமைதியாக இருக்கும். மேலே மழை பெய்தால் நொடியில் வெள்ளம் பெருகும். எனவே வனக் காவலர்கள் "போதும், வெளியே வாருங்கள்" என்றால் மறுபேச்சின்றிக் கரையேறிவிட வேண்டும். வழுக்குப் பாறைகளில் பிள்ளைகளின் கையை விடவே கூடாது.

பாம்பாறு பின்னர் வராக நதியில் கலக்கிறது. வராக நதி வைகையில் கலக்கிறது. கும்பக்கரையில் பேரன் காலை நனைத்த நீர், எங்கள் ஊர் வழியாக வைகைக்குப் போகும் நீர்தான். இதைச் சொன்னதும் அவன் முகத்தில் தோன்றிய வியப்பைக் கண்டு, பயணச் செலவு அப்போதே ஈடாகிவிட்டது என்று எண்ணிக்கொண்டேன்.

மறந்துபோன நடைபாதை

இந்த அடிவாரத்துக்கு இன்னொரு வரலாறும் உண்டு. இன்று நாம் வத்தலக்குண்டிலிருந்தோ தேவதானப்பட்டிப் பக்கமிருந்தோ மலை ஏறும் சாலை, முதல் உலகப் போர்க் காலத்தை ஒட்டித்தான் பயன்பாட்டுக்கு வந்தது. மேஜர் லா என்பவரின் பெயரால் அது லாஸ் காட் எனப்படுகிறது. அதற்கு முன் அறுபது, எழுபது ஆண்டுகள் கொடைக்கானலுக்குத் தலைவாசலாக விளங்கியது நம்முடைய பெரியகுளம்தான்.

1875-இல் இருப்புப்பாதை வந்தபின், அம்மையநாயக்கனூர் நிலையத்தில் இறங்குவார்கள். மலைக்கு இரயில் செல்லாவிட்டாலும் அந்நிலையத்தின் பெயர் இன்றும் 'கொடைக்கானல் ரோடு' என்றே இருக்கிறது. அங்கிருந்து மாட்டு வண்டியில் இரவெல்லாம் பயணம் செய்து, பெரியகுளத்தை அடுத்த கிருஷ்ணம்மநாயக்கன் தோப்பை அடைவார்கள். அதன்பின் சுமார் 12 மைல் செங்குத்தான ஏற்றம். வசதியுள்ளவர்கள் மட்டக்குதிரையில் ஏறினார்கள். பெண்டிரும் முதியோரும் பிள்ளைகளும் டோலியில் அமர்ந்தார்கள். அந்த டோலியையும், பெட்டி படுக்கைகளையும், வீடு கட்டும் பொருள்களையும் தோளில் சுமந்து ஏறியவர்கள் அடிவாரத்து ஏழைத் தொழிலாளர்கள். ஆங்கிலேயர் அப்பாதைக்கு வைத்த பெயரே 'கூலி காட்'.

"குதிரை வீரர்ங்கிற பொருளிலேதானே நம்மளை இராவுத்தர்னு சொல்றாங்க? நம்ம ஆளுங்க குதிரையிலே ஏறலையா நன்னா?" என்றாள் பேத்தி. எல்லோரும் சிரித்துவிட்டோம். சிரிப்பு அடங்கியபின் நான் சொன்னேன்: "குதிரையில் போனவர்களின் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. நடந்து சுமந்தவர்களின் பெயர் எங்கும் இல்லை. அதுதான் நாம் நினைக்க வேண்டியது."

அமெரிக்கர் ஏன் வந்தனர்?

கொடைக்கானலை வெள்ளையர் 'கண்டுபிடித்தனர்' என்று படித்திருக்கிறோம். உண்மையில் அம்மலை ஒருகாலமும் ஆளற்றுக் கிடக்கவில்லை. பளியர் என்னும் பழங்குடியினர் அங்கே தொன்றுதொட்டு வாழ்கின்றனர். குன்னுவர் முதலிய மலை உழவர்களின் சிற்றூர்கள் இருந்தன. தாண்டிக்குடி போன்ற இடங்களில் காணப்படும் கற்றிட்டைகள், பல நூற்றாண்டுகளுக்கு முன்பே மக்கள் அங்கு வாழ்ந்ததற்குச் சான்று. 1821-இல் லெப்டினன்ட் வார்டு வந்தது நில அளவைக்காகத்தான்.

அங்கே முதலில் குடியிருப்பு அமைத்தவர்களில் முக்கியமானோர் ஆங்கிலேயர் அல்லர், அமெரிக்கர்! 1834-இல் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷனரிகள் அவர்கள். மதுரையில் 1881-இல் தொடங்கிய அமெரிக்கன் கல்லூரி அவர்கள் வழிவந்ததுதான். மதுரையின் வெப்பமும் காலராவும் காய்ச்சலும் அவர்களுள் பலரைக் கொண்டுபோயின. முதலில் சிறுமலையில் வீடு கட்டிப் பார்த்தார்கள். மலைக்காய்ச்சல் அங்கும் விடவில்லை. பிறகுதான் 7,000 அடி உயரத்துக்கு ஏறினார்கள். 1845-இல் அவர்கள் கட்டிய முதல் இரு வீடுகளின் பெயர் 'சன்னிசைடு', 'ஷெல்டன்'. தங்கள் பிள்ளைகளுக்காக 1901-இல் அவர்கள் தொடங்கிய பள்ளி, கொடைக்கானல் பன்னாட்டுப் பள்ளியாக ஏரிக்கு அருகில் இன்றும் நடைபெறுகிறது.

இதே 1840-களில் அமெரிக்காவிலும் ஒரு பெரும் பயணம் நடந்துகொண்டிருந்தது. மிசூரி ஆற்றங்கரையிலிருந்து ஒரிகன் வரை ஏறத்தாழ 2,000 மைல், கூண்டு வண்டிகளில் குடும்பம் குடும்பமாக மேற்கு நோக்கிச் சென்றார்கள். வயோமிங் மாநிலத்தில் கெர்ன்சி என்னும் ஊரருகே, அந்த வண்டிச் சக்கரங்கள் மணற்பாறையில் பதித்த ஆழமான தடங்களை இன்றும் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். வழியிலிருந்த லாரமி கோட்டையும், நெப்ராஸ்காவின் ஸ்காட்ஸ் பிளஃப் குன்றும் தேசிய நினைவிடங்கள். குடும்பங்கள் கோட்டையைப் பார்த்துவிட்டு, குன்றின்மேல் நடந்துவிட்டுத் திரும்புகின்றன. அங்கும் அந்நிலம் வெற்று நிலமன்று. அதில் வாழ்ந்த செவ்விந்தியர்கள் விரட்டப்பட்ட கதை நெடியது, கண்ணீர் நிறைந்தது. அதையும் அந்நினைவிடங்களில் சொல்ல வேண்டும் என்னும் உணர்வு அங்கே பிற்காலத்தில்தான் வளர்ந்தது. வண்டித் தடத்தை அவர்கள் போற்றுவதுபோல, நம் அடிவாரத்து நடைபாதையை நாமும் நினைவில் வைத்தால் என்ன?

மலையின் மேல்

தேவதானப்பட்டி வழியாகச் சாலையை அடைந்து ஏறினோம். வழியில் டம்டம் பாறைக் காட்சி முனையில் வேனை நிறுத்தினால், எதிர் மலையில் வெள்ளி நூலாகத் தலையாறு அருவி விழுகிறது. ஏறத்தாழ 975 அடி உயரம். தமிழ்நாட்டின் மிக உயர்ந்த அருவிகளுள் ஒன்று. எலிவால் அருவி என்றும் சொல்வார்கள். அந்த நீரும் மஞ்சளாறு வழியே வைகைக்குத்தான் வருகிறது.

நகரில் நாங்கள் பார்த்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நட்சத்திர வடிவ ஏரி, மதுரை ஆட்சியராயிருந்த லெவிஞ்சு 1863-இல் அமைத்த செயற்கை ஏரி. முதல் படகைத் தூத்துக்குடியிலிருந்து தருவித்தாராம். கோக்கர் நடைபாதை 1872-இல் அமைந்தது. மேகம் விலகினால் பெரியகுளம் பக்கத்துச் சமவெளி கீழே விரிகிறது. 1901 முதல் சூரியனை ஆராயும் வானாய்வகத்தை மாணவர்கள் தவறவிடக் கூடாது. 1909-இல் எவர்ஷெட் என்னும் அறிஞர், சூரியப் புள்ளிகளில் வாயு ஓடும் முறையை இங்கிருந்துதான் கண்டறிந்தார்.

இரண்டாம் வருகை

சுற்றுலாக் கையேடுகளில் இல்லாத ஓரிடத்தையும் பிள்ளைகளுக்குக் காட்டினேன். நகரின் மேட்டில், வெளியிலிருந்து மட்டுமே பார்க்கக்கூடிய ஒரு மூடிய வளாகம். பாதரச வெப்பமானி செய்த தொழிற்சாலை அது.

நோயிலிருந்து தப்ப அமெரிக்கர் 1845-இல் வந்தனர் என்று கண்டோம். 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவிலிருந்து இன்னொன்று வந்தது. நியூயார்க் மாநிலத்தின் வாட்டர்டவுனில் இயங்கிய வெப்பமானி ஆலையை, செஸ்பரோ பாண்ட்ஸ் என்னும் அமெரிக்க நிறுவனம் கொடைக்கானலுக்கு மாற்றிற்று. பின்னர் அது இந்துஸ்தான் லீவரின் கைக்கு வந்தது. செய்த வெப்பமானிகளில் பெரும்பகுதி ஏற்றுமதியாயிற்று. 2001-இல், பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடிக் கழிவுகள் ஊருக்குள் ஒரு பழைய இரும்புக் கடையில் கிடப்பதைப் பொதுமக்களும் சுற்றுச்சூழல் ஆர்வலர்களும் வெளிக்கொணர்ந்தனர். அவ்வாண்டே ஆலை மூடப்பட்டது. 2003-இல் சுமார் 290 டன் பாதரசக் கழிவு கப்பலேற்றி அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது. உடல்நலம் கெட்டதாக முறையிட்ட முன்னாள் தொழிலாளர்களின் போராட்டம் பதினைந்து ஆண்டுகள் நீடித்தது. 2015-இல் சென்னையைச் சேர்ந்த சோபியா அஷ்ரஃப் பாடிய ஒரு பாடல் அதனை உலகறியச் செய்தது. 2016-இல் 591 பேருக்கான உடன்பாடு ஏற்பட்டது.

இதை ஏன் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும்? அந்த ஆலைக்குப் பின்னால் சரிவாக இறங்குவது பாம்பாற்றுச் சோலை. பாம்பாறு என்றதும் பேத்தி நிமிர்ந்தாள். "நேத்து நாங்க கால் நனைச்ச தண்ணியா?" என்றாள். ஆம், அம்மா, அதே தண்ணீர்தான். மலையுச்சியில் யார் வருகிறார்கள், எதைக் கொண்டுவருகிறார்கள் என்பது அடிவாரத்தில் இருக்கும் நமக்கு அந்நிய விவகாரமன்று. நம் தலைமாட்டில் நடக்கும் விவகாரம்.

பேரிஜம் ஏரி

மறுநாள் வனத்துறையின் அனுமதி பெற்றுப் பேரிஜம் சென்றோம். நகரிலிருந்து சுமார் 21 கிலோமீட்டர். வெள்ளை அதிகாரி ஹாமில்டன் பெயரால் இப்பகுதிக்கு 'ஃபோர்ட் ஹாமில்டன்' என்று பெயர் வந்தது. பெயரில்தான் கோட்டை, எங்களை வரவேற்றது அமைதியான ஏரியும் காடும். பெரியகுளம் நகரத்தார் குடிக்கும் நீர் இந்த ஏரியினுடையது.

பேரனின் கேள்விக்கு இங்கேதான் முழு விடை கிடைத்தது. மலை மடிப்புகளில் அடர்ந்த சோலை. அதைச் சுற்றிப் புல்வெளி. இவை இரண்டும் மழைநீரைப் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்து, கோடை வரை சிறிது சிறிதாக விடுகின்றன. யாரும் ஊற்றவில்லை, இறைவன் படைத்த அமைப்பு அது. கடந்த நூற்றாண்டில் புல்வெளிகளில் பெரும்பரப்பை அழித்து, சீகை, தைலமரம், பைன் ஆகிய அயல்நாட்டு மரங்களை வளர்த்தார்கள். பைன் மரக் காட்டில் படம் எடுத்துக்கொள்ளாத குடும்பம் இல்லை. ஆனால், அழகாகத் தோன்றும் அம்மரங்கள் நின்ற இடத்தில் ஒருகாலத்தில் நீர் சேமிக்கும் புல்வெளி இருந்தது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

புறப்படுவோர் கவனத்திற்கு

2024 மே மாதத்தில் உயர் நீதிமன்ற ஆணைப்படி கொடைக்கானல் செல்லும் வெளியூர் வாகனங்களுக்கு மின்னணு அனுமதிச் சீட்டு முறை வந்தது. புறப்படுமுன் நிலைமையை விசாரித்துக்கொள்ளுங்கள். சிறிய பிளாஸ்டிக் தண்ணீர்ப் பாட்டில்களுக்குத் தடை உண்டு. எவர்சில்வர் கூஜாவே நல்லது. பேரிஜத்துக்கு நாளொன்றுக்குக் குறிப்பிட்ட அளவு வாகனங்களையே விடுவார்கள். காலையிலேயே அனுமதி கேட்க வேண்டும். பழைய நடைபாதை காட்டுக்குள் செல்வது; வனத்துறையின் அனுமதியின்றி அதில் இறங்கலாகாது. நகரில் பள்ளிவாசல் உண்டு. வெளியிடங்களில் தொழுவதற்கு ஒரு விரிப்பும், ஒளூச் செய்ய நீரும் வண்டியில் இருக்கட்டும். சாப்பாட்டைக் கட்டிச் சென்றால் செலவும் மிச்சம், மனத்துக்கும் நிம்மதி. உண்ட இடத்தில் ஓர் இலையையும் விட்டுவராதீர்கள். அங்கே நாம் எறிவது என்றேனும் ஒருநாள் நம் ஊருக்கே வந்து சேரும்.

ஊர் திரும்பிய மாலை, பேரன் மீண்டும் ஆற்றங்கரைக்கு அழைத்தான். தன் வகுப்புத் தோழன் ஒருவன் மிட்டாய்க் காகிதத்தைக் கசக்கித் தண்ணீரில் போடப் போனதைக் கண்டு, அவன் கையைப் பிடித்துக்கொண்டான்.

"போடாதேடா. இது எங்கேயிருந்து வருதுன்னு தெரியுமா உனக்கு?"

நான் ஒன்றும் பேசாமல் மலையைப் பார்த்தேன்.