இறால் புழுக்கையில் ஒரு கடல் வரலாறு

வித்துரா: திருவனந்தபுரம் மாவட்டம் வித்துராவின் மலைப்பாறைகள் பூமியின் ஆழத்தில் வெந்து உருமாறியவை, அவற்றில் கடலுயிர்த் தடயங்களைத் தேடிப் பயனில்லை. அங்குள்ள இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிலையத்தார் தொன்மையான கடற்பாறையைக் காணக் கொல்லம் அருகே படப்பக்கரைக்குச் செல்லலாம். மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல் அங்குண்டு.

இத்தகைய கற்களில் இறாலின உயிரிகளின் புழுக்கைகள் கல்லாக உறைந்து உலகின் பல பகுதிகளில் கிடைத்துள்ளன. வளை தோண்டி வாழும் இவற்றின் மெல்லிய ஓடு எளிதில் அழிவதால், பல இடங்களில் புழுக்கையே சாட்சி.

கல்லை 0.03 மி.மீ. தடிமனுக்குத் தேய்த்து நுண்ணோக்கியில் நோக்கினால், புழுக்கையின் குறுக்குவெட்டில் நுண்துளைகள் தெரியும். துளை பிறை வடிவமெனில் பலாக்சியஸ். வட்டமெனில் பெரும்பாலும் 1955இல் பெயரிடப்பட்ட ஃபாவ்ரைனா. துளைகளின் எண்ணிக்கையும் அடுக்குமுறையும் உள்வகையைத் தீர்மானிக்கும். வெட்டு சற்றே சாய்ந்தாலும் வட்டம் நீண்டு, அடையாளம் தவறக்கூடும். பெயரும் புழுக்கைக்கே உரியது. அதை இட்ட உயிரிக்கு அன்று.