ஒரே வேர், ஊருக்கொரு சட்டம்

மிளகும் வெற்றிலையும் நம் வணிகப் பெருமக்களுக்குப் பழகிய சரக்கு. அதே குடும்பத்தில் பிறந்த கவா என்னும் செடியின் வேர், பசிபிக் தீவான ஃபிஜியில் நம்மூர்க் காப்பித்தூள் போலப் பொட்டலமாக விற்பனையாகிறது. வேரை இடித்துத் தண்ணீரில் பிசைந்து வடிகட்டிக் குடிப்பார்கள். மது அல்ல, நாக்கு சற்று மரத்துப்போகும், உடல் தளரும், மனம் அமைதி அடையும். கரும்புத் தோட்ட வேலைக்கு 1903 முதல் அங்கு சென்ற தமிழர்களின் வழிவந்தோரிடமும் இப்பழக்கம் உண்டு.

இந்த வேர் அமெரிக்காவில் மாத்திரையாகவும் விற்கப்படுகிறது. அந்நாட்டின் 1994ஆம் ஆண்டுச் சட்டம் மூலிகைச் சரக்குகளைத் ‘துணை உணவு’ என்று தனி இனமாக்கியது. அப்போதே புழக்கத்தில் இருந்த மூலிகையை விற்க அரசின் முன் அனுமதி தேவையில்லை. கெடுதல் என்றால் அதை அரசுதான் நிரூபிக்க வேண்டும். ஆனால் நோய் தீரும் என்று உறையில் ஒரு வரி அச்சிட்டால் போதும், சரக்கு மருந்துக் கணக்கில் போய்விடும். (சுக்குப் பொட்டலத்தில் ‘நீரிழிவு நீங்கும்’ என்று போடும் நம்மவர்களுக்கும் 1954ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது.)

வேடிக்கை என்னவென்றால், மாத்திரையாக விற்கக்கூடிய அதே கவாவைக் குளிர்பானத்தில் கலந்தால், அனுமதி பெறாத உணவுச் சேர்க்கை என்கிறது அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம். ஹவாய் மாநிலச் சுகாதாரத் துறையோ, தண்ணீரில் பிசைந்த பாரம்பரியப் பானம் பாதுகாப்பானது என்று 2024இல் ஏற்றுக்கொண்டது. கடைக்காரர் எந்த ஏட்டில் வரவு வைப்பது?

வழக்குக்குக் காரணம் கல்லீரல். கவா மாத்திரை உண்டவர்களில் சிலருக்குக் கல்லீரல் கெட்டதாக ஐரோப்பாவில் செய்தி வரவே, 2002இல் அமெரிக்கா எச்சரிக்கை விடுத்தது, தடை விதிக்கவில்லை. ஜெர்மனி அதே ஆண்டு உரிமங்களை ரத்து செய்தது. பிரிட்டன் 2003 ஜனவரி முதல் உணவில் தடுத்தது. தீவு விவசாயிகள் பெரிய சந்தையை இழந்தனர். தண்டுத் தோலைச் சேர்த்து அரைத்ததாலா, சாராயத்தில் சாறு இறக்கியதாலா, உண்டவர் வேறு மருந்தும் எடுத்ததாலா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. ஜெர்மன் நீதிமன்றம் 2014இல் அந்த ரத்து செல்லாது என்றது. 2019இல் உரிமங்கள் மறுபடி பறிபோயின.

ஆஸ்திரேலியா 2021 டிசம்பரில் வணிக இறக்குமதிக்கு வழிவிட்டது. உணவாக விற்பதானால் வேரும், குளிர்ந்த நீரில் கரைத்த பானமும் மட்டுமே. ‘அளவோடு அருந்துக’, ‘தூக்கம் வரக்கூடும்’ என்ற எச்சரிக்கைகள் அச்சிடாத பொட்டலம் அங்கே கடைத் தட்டில் ஏறக்கூடாது.