45 கோடி ஜோடிகளில் எது முட்டும்?

வண்டலூரில் ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து மேற்கே பிரியும் சாலை ஒரகடத்துக்கும் வாலாஜாபாத்துக்கும் போகிறது. கிழக்கே பிரிவது கேளம்பாக்கத்துக்கு. திரும்பாமல் தெற்கே போனால் மறைமலை நகர், அதையும் தாண்டினால் மகேந்திரா சிட்டி. இந்தச் சாலைகளில் ஓடும் லாரிகளில் கணிசமானவை ஏதோ ஒரு வண்டிக்கான பாகங்களைச் சுமந்து போகின்றன. ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை 2010-ல் தொடங்கியது. மகேந்திரா சிட்டியில் மகேந்திராவின் ஆராய்ச்சி மையம் 2012-ல் திறக்கப்பட்டது. 2015-ல் வெளிவந்த ரெனோ க்விட் காரை உருவாக்கிய குழு, பிரெஞ்சுப் பொறியாளர் ஜெரார் தெத்தூர்பே தலைமையில் சென்னையிலிருந்துதான் இயங்கியது.

இப்படிப்பட்ட வடிவமைப்பு அலுவலகங்களில் ஒரு தகடு வெட்டப்படுவதற்கு முன்பே, கணினியில் முழு வண்டியையும் கோத்து வைத்துக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: எந்தப் பாகமாவது இன்னொன்றுக்குள் புகுந்து நிற்கிறதா? பொறியாளர்கள் பேச்சில் இது ‘இன்டர்ஃபியரன்ஸ் செக்’. சிலர் சுருக்கமாக ‘கிளாஷ்’ என்பார்கள். திரையில் இருக்கும் இரும்புக்கு உடல் கிடையாது. பிரேக் குழாயைச் சட்டத்தின் நடுவே செருகினாலும் கணினி மறுப்புச் சொல்லாது. ஆலையில் அது தெரியவரும்போது தகடு அழுத்தும் டை தயாராகியிருக்கும்; அதைத் திருத்த மாதங்களும் பெரும் பணமும் போகும்.

சரி, கணினி இதை எப்படிக் கண்டுபிடிக்கிறது? கடைசித் திருகு வரை எண்ணினால் ஒரு காரில் சுமார் 30,000 பாகங்கள் என்பது டொயோட்டா சொல்லும் கணக்கு. ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றோடும் ஒப்பிட வேண்டுமென்றால் சுமார் 45 கோடி ஜோடிகள். ஒவ்வொரு பாகமும் ஆயிரக்கணக்கான சிறு முக்கோணங்களால் ஆன தோல் போர்த்தியது. முக்கோணத்தோடு முக்கோணத்தை மோதவிட்டுப் பார்த்துக்கொண்டே போனால் எந்தக் கணினியும் திணறிவிடும்.

ஆகவே முதல் வேலை, பார்க்கத் தேவையில்லாத ஜோடிகளைத் தள்ளுவது. ஒவ்வொரு பாகத்தையும் அது சரியாக அடங்கும் ஓர் அட்டைப்பெட்டிக்குள் வைத்ததாக எண்ணிக்கொள்ளுங்கள். பெட்டிகள் ஒன்றையொன்று தொடாவிட்டால் உள்ளே இருப்பவையும் தொடாது. பெட்டிகளைக்கூட ஜோடி ஜோடியாகப் பார்க்க வேண்டியதில்லை. வண்டியின் நீளவாக்கில் ஒவ்வொரு பெட்டியும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று எழுதினால் 60,000 எண்கள். அவற்றை வரிசைப்படுத்தி ஒருமுறை ஓடிப்பார்த்தால், நீளவாக்கில் ஒன்றன்மேல் ஒன்று விழுபவை மட்டும் மிஞ்சும். அகலவாக்கிலும் உயரவாக்கிலும் அதையே செய்தால், பின்விளக்கையும் ரேடியேட்டரையும் ஒப்பிடும் வீண் வேலை அடியோடு ஒழியும். மிஞ்சிய ஜோடிகளில் பாகத்தைப் பிரித்துச் சிறு பெட்டிகள், அவற்றுக்குள் இன்னும் சிறியவை என்று இறங்கி, கடைசியில்தான் முக்கோணத்துக்கு வருவார்கள்.

இந்தத் துறையில் என்னை மிகவும் வியக்கவைப்பது வேறொன்று. 1988-ல் ரோபாட்டிக்ஸ் ஆய்விதழ் ஒன்றில் கில்பர்ட், ஜான்சன், கீர்த்தி என்ற மூவர் ஒரு வழிமுறையை வெளியிட்டார்கள். மூன்றாமவரான எஸ். சத்திய கீர்த்தி, இன்று என்.ஐ.டி. என்று அழைக்கப்படும் திருச்சி மண்டலப் பொறியியல் கல்லூரியில் 1980-ல் இயந்திரப் பொறியியல் பட்டம் பெற்றவர். மிச்சிகனில் ஆய்வு முடித்து, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியராக இருந்தவர்.

அவர்கள் எடுத்துக்கொண்ட அடிப்படை இதுதான். முதல் பொருளின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் இரண்டாவது பொருளின் ஒவ்வொரு புள்ளியையும் கழியுங்கள். விடைகள் எல்லாம் சேர்ந்து மூன்றாவதாக ஒரு வடிவம் உண்டாகும். இரண்டு பொருளுக்கும் பொதுவாக ஒரு புள்ளி இருந்தால், அதிலிருந்து அதையே கழிக்கும்போது பூஜ்யம் வந்தே தீரும். எனவே ‘இரண்டும் மோதுகின்றனவா?’ என்ற கேள்வி, ‘அந்த மூன்றாவது வடிவத்துக்குள் பூஜ்யம் இருக்கிறதா?’ என்று மாறிவிடுகிறது. பூஜ்யம் வெளியே இருந்தால், அதற்கும் வடிவத்துக்கும் உள்ள மிகக் குறைந்த தூரம்தான் இரண்டு பொருளுக்கும் நடுவே உள்ள இடைவெளி. கோடிக்கணக்கான கழித்தல்களைச் செய்ய வேண்டிய அவசியமும் இல்லை. பூஜ்யம் இருக்கும் திசையில் எட்டக்கூடிய மூலைகளை மட்டும் பொறுக்கி, ஒரு நேரத்தில் நான்கு புள்ளிகளுக்கு மேல் கையில் வைக்காமல், சில எட்டுகளில் விடைக்கு வந்துவிடலாம். எங்கும் உட்குழியாத வடிவங்களுக்கே இது பொருந்தும். குழிவுள்ளவற்றைத் துண்டுகளாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். ரோபோ கை சுவரில் இடிக்காமல் நகர்வதிலும், வீடியோ கேமில் பெட்டி மேல் பெட்டி நிற்பதிலும் மூவரின் பெயரையும் சேர்த்து அழைக்கப்படும் இந்த வழிமுறை இன்றும் உழைக்கிறது.

இதெல்லாம் முடிந்து கணினி ஒரு பட்டியல் தரும். கண்ணும் அனுபவமும் தேவைப்படுவது இதற்குப் பிறகுதான், ஏனென்றால் அந்தப் பட்டியலில் பொய்யும் உண்டு, மௌனமும் உண்டு.

10 மி.மீ. போல்ட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். எந்த லேத் பட்டறையிலும் சொல்வார்கள்: 8.5 மி.மீ. துளை போட்டு, அதில் டேப் விட்டு மரை வெட்ட வேண்டும். ஆயிரம் போல்ட்டுகளுக்கும் மரையை வரைந்தால் கோப்பு கனத்துவிடும் என்பதால், பெரும்பாலும் போல்ட்டை வெறும் 10 மி.மீ. உருளையாகவே திரையில் வைப்பார்கள். உடனே கணினி, சுற்றிலும் 0.75 மி.மீ. உள்ளே புகுந்திருக்கிறது என்று புகார் செய்யும். ரப்பர் பீடிங்கும் இதே கதை. கதவு சாத்தும்போது நசுங்குவதுதான் அதன் வேலை. நசுங்காத நிலையில் வரைந்திருந்தால் கதவுக்குள் புகுந்ததாகத்தான் தெரியும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. 30 மி.மீ. துளைக்குள் ஒரு ஷாஃப்டை பிரஸ் வைத்து அழுத்தி ஏற்றும் எச்7/பி6 என்ற பொருத்தத்தில், துளை 30.000 முதல் 30.021 மி.மீ. வரை இருக்கலாம், ஷாஃப்ட் 30.022 முதல் 30.035 வரை. ஷாஃப்ட் எப்போதும் துளையைவிடப் பெரிது. பிடிப்பே அதனால்தான் வருகிறது. திரையிலோ இரண்டையும் சரியாக 30 என்று வரைந்திருப்பார்கள். கணினி ‘தொடுகிறது’ என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிடும். மேலும் ஒன்று: அதே ஷாஃப்டின் வட்டத்தை 36 நேர்கோடுகளாக்கி முக்கோணத் தோல் போர்த்தினால், ஒவ்வொரு கோட்டின் நடுவிலும் தோல் உண்மையான பரப்பைவிட 0.057 மி.மீ. உள்ளே போய்விடும். இந்தப் பொருத்தத்தில் உள்ள மொத்த இறுக்கத்தைவிட அது அதிகம். மைக்ரான் அளவுக் கேள்விகளை முக்கோணங்களிடம் கேட்கக் கூடாது.

விமானத் துறையில் இந்தச் சோதனையின் வெற்றியும் வேதனையும் பதிவாகியிருக்கின்றன. 1994-ல் பறந்த போயிங் 777, முழுக்கக் கணினியிலேயே வடிவமைக்கப்பட்ட முதல் பயணிகள் விமானம். அதுவரை மரபாக இருந்த முழு அளவு மாதிரியைக் கட்டாமல், மூக்குப் பகுதிக்கு மட்டும் ஒன்றைக் கட்டிச் சரிபார்த்தார்கள். கணினியில் கோத்துப் பார்ப்பது நம்பத்தக்கது என்று அது காட்டியது. ஏர்பஸ் ஏ380-யின் கதை வேறு. ஹாம்பர்க் குழுவும் துலூஸ் குழுவும் ஒரே வடிவமைப்பு மென்பொருளின் வெவ்வேறு பதிப்புகளில் வேலை செய்தன. 500 கி.மீ.க்கு மேல் கம்பி ஓடும் விமானம் அது. ஹாம்பர்க்கிலிருந்து வந்த கம்பிக் கட்டுகள் துலூஸில் நீளம் போதாமல் நின்றன. 2006 வரை அறிவிக்கப்பட்ட தாமதங்கள் மொத்தம் ஏறத்தாழ 2 ஆண்டுகள் ஆயின. கணினியில் கோத்த விமானமும் கண்ணெதிரே நின்ற விமானமும் ஒன்றாக இல்லாதபோது, எவ்வளவு சரியான மோதல் சோதனையாலும் பயனில்லை.

வண்டலூர் கிரசென்டிலும், கேளம்பாக்கம் சாலையில் மேலக்கோட்டையூர் ஐ.ஐ.ஐ.டி.டி.எம்.மிலும் இயந்திர வடிவமைப்பு படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. ‘மோதல் எதுவும் இல்லை’ என்று திரை சொன்னதும் கோப்பை மூடிவிடாதீர்கள். அந்தச் சோதனை பெரும்பாலும் வண்டி அசையாமல் நிற்கும்போது எடுத்தது. ஸ்டியரிங்கை இரு பக்கமும் கடைசி வரை திருப்பி, சஸ்பென்ஷனை முழுதும் அமுக்கி, டயர் எங்கே உரசுகிறது என்று மறுபடியும் ஓட்டிப் பாருங்கள். பிறகு ஒவ்வொரு போல்ட்டின் தலைக்கும் ஒரு ஸ்பேனரைத் திரையில் கொண்டுபோய் வைத்து, அதைத் திருப்ப இடம் இருக்கிறதா என்று பாருங்கள். ஆலையில் அதை முறுக்கப்போகும் கைக்கும், பத்து வருடம் கழித்துக் கழற்றப்போகும் மெக்கானிக்கின் கைக்கும் அந்த இடம் வேண்டும்.