உஷார்! “செயினைக் காணோம்” என்று குழுவில் போடுவதற்கு முன்

சுங்குவார்சத்திரம், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்து அடுக்குமாடிகளில் குடியிருப்பவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள். கணவன், மனைவி இருவருக்கும் கம்பெனி வேலை. ஒருவர் பகல் ஷிப்ட், இன்னொருவர் ராத்திரி. சாவி, வீட்டு வேலை செய்யும் அக்காவிடம். ஒரு நாள் பீரோவில் செயின் இல்லை. உடனே கை எங்கே போகிறது? அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவுக்கு. “இந்த அம்மா திருடி, யாரும் உள்ளே விடாதீங்க” என்று போட்டோவோடு ஒரு பதிவு. அரை மணி நேரத்தில் செக்யூரிட்டியின் ஆப்பில் அவர் பெயர் பிளாக். நாலு வீட்டில் வேலை செய்பவர் என்றால் நாலு வீட்டுச் சம்பளமும் அன்றைக்கே போச்சு. சாயங்காலம் அதே செயின் வாஷிங் மெஷின் ஓரத்தில் கிடைக்கும். அதைக் குழுவில் போடுவதற்கு மட்டும் யாருக்கும் கை வராது!

இது விளையாட்டுக் காரியம் இல்லை. 2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் மடப்புரம் கோவிலில் நடந்தது நினைவிருக்கிறதா? காரில் வைத்திருந்த நகை காணோம் என்று புகார். கோவில் காவலாளியான இளைஞரைப் போலீஸ் விசாரணைக்குக் கொண்டுபோனது. அவர் உயிரோடு திரும்பவில்லை. போலீஸ்காரர்கள் கைதானார்கள், வழக்கு சிபிஐக்குப் போனது. அதற்கு இரண்டு மாதம் முன்பு, திருவனந்தபுரம் பேரூர்க்கடை காவல் நிலையத்தில் வீட்டு வேலை செய்யும் தலித் பெண் ஒருவரை ராத்திரி முழுக்க வைத்து விசாரித்தார்கள். கடைசியில் செயின் புகார் கொடுத்தவர் வீட்டிலேயே இருந்தது. எஸ்.ஐ. சஸ்பெண்ட் ஆனார். வீட்டுக்காரர் மீதும் வழக்கு பாய்ந்தது. புகார் என்பது நம் கையை விட்டுப் போன பிறகு எங்கே போய் நிற்கும் என்று நமக்குத் தெரியாது.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். சாதாரணத் திருட்டுக்கு 3 ஆண்டு வரை தண்டனை என்றால், வேலை செய்யும் இடத்தில் முதலாளியின் பொருளைத் திருடினால் 7 ஆண்டு வரை. நீங்கள் சந்தேகத்தில் சொல்லும் ஒரு சொல்லுக்கு அவ்வளவு கனம். பொய் என்று தெரிந்தே ஒருவர் மீது குற்றம் சாட்டினால் சிறைக் கம்பி உங்களுக்கும்தான். அவர் பட்டியலினப் பெண்ணாக இருந்துவிட்டால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சேரலாம். பூட்டி வைத்துக் கேட்பது, பையைக் கொட்டச் சொல்வது, புடவையை உதறச் சொல்வது, இதெல்லாம் தனித்தனி வழக்காகலாம். வாட்ஸ்அப் பதிவோ, நீங்களே எழுதிக் கொடுத்த அவதூறு ஆதாரம்.

சுங்குவார்சத்திரம் பக்கத்தில் விசாரிக்காமலே பட்டம் கட்டி அனுப்புவது நடப்பதுதான் எனக்கு ஆச்சரியம். 2024 செப்டம்பர் 9 முதல் 37 நாள் சாம்சங் தொழிலாளர்கள் சங்கத்துக்காக வேலைநிறுத்தம் செய்த ஊர் இது. நோட்டீஸ், டொமஸ்டிக் என்கொயரி (கம்பெனியின் உள்விசாரணை), சஸ்பென்ஷன் எல்லாம் டீக்கடை பெஞ்சிலேயே புழங்கும். கம்பெனியில் தன்னை ஒரு நாளில் அனுப்பினால் கொதிக்கிற அதே ஆள், வீட்டு அக்காவுக்கு “நாளையிலிருந்து வேண்டாம்” என்று காலை ஆறு மணிக்கு மெசேஜ் தட்டுகிறார். பல கம்பெனிகளில் அசெம்பிளி லைன் வேலைக்குச் சின்னப் பெண்களைத்தான் எடுக்கிறார்கள். நாற்பது தாண்டியவருக்கு மிச்சம் இருப்பது நம் வீட்டுப் பாத்திரம்தான்.

ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். வீட்டு வேலை ‘தொழில்’ கணக்கில் வராது என்று 2020 தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு சொல்லிவிட்டது. ஆக, வேலையை விட்டு நிறுத்தக் காரணம் காட்டு என்று உங்களைக் கேட்க ஆளில்லை. பிறகு எதற்குத் திருட்டுப் பட்டம்? பல இடங்களில் விடை காலண்டரில் இருக்கிறது. தீபாவளி போனஸ் கேட்பார், சம்பளம் ஏற்றச் சொல்வார், மகள் பிரசவத்துக்கு ஒரு மாதம் லீவு கேட்பார். அப்போதுதான் செயின் காணாமல் போகும்.

நிறுத்த வேண்டும் என்றால் நேரில் உட்காரவைத்துச் சொல்லுங்கள். ஒரு மாதம் முன்பே சொல்லுங்கள், முடியாவிட்டால் ஒரு மாதச் சம்பளம் கொடுங்கள். செய்த நாளுக்குக் கணக்குப் பார்த்துப் பணம், வாங்கிய அட்வான்ஸை அவர் ஒப்புக்கொண்ட அளவில் கழித்துக்கொள்வது, அடுத்த வீட்டுக்குக் காட்ட நாலு வரிச் சிபாரிசு. சேர்க்கும்போதே என்னென்ன வேலை, எத்தனை மணி, எவ்வளவு, வாரம் எந்த நாள் லீவு என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டிருந்தால் பாதித் தகராறு வராது. தமிழ்நாட்டில் வீட்டு வேலைக்குக் குறைந்தபட்சக் கூலி உண்டு, 2018-இல் அரசு அறிவித்தது. பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

ஏஜென்ட் மூலம் வெளிமாநிலத்திலிருந்து பெண் வருகிறாரா? ஆதாரில் வயதை நீங்களே பாருங்கள், அவருடைய போனில் அவர் வீட்டாரோடு பேசுங்கள், சம்பளத்தை அவர் கையிலேயே கொடுங்கள். 14 வயதுக்குக் கீழே என்றால் உங்களுக்கு 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை விழலாம். “எனக்குத் தெரியாது, ஏஜென்ட் சொன்னார்” என்பது உங்களைக் காப்பாற்றும் என்று நம்பி இருக்காதீர்கள். 14 தாண்டிய சிறுமி என்றாலும் அலட்சியம் வேண்டாம்: 2024 தீபாவளியன்று சென்னை அமைந்தகரையில் ஒரு வீட்டில் வேலை பார்த்த 15 வயதுச் சிறுமி இறந்துகிடந்தாள், வீட்டுக்காரர்கள் கைதானார்கள். சந்தேகம் வந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அடியுங்கள்.

நகை நிஜமாகவே போயிருந்தால்? முதலில் வீட்டை அலசுங்கள். அப்புறம் நகை காணவில்லை என்று மட்டும் எழுதிப் புகார் கொடுங்கள். யார் எடுத்தது என்பதைக் கண்டுபிடிப்பது போலீஸின் வேலை, பெயர் எழுதுவது உங்கள் வேலை இல்லை.

வீட்டு வேலைக்குப் போகும் அக்காக்களே, உங்களுக்கும் உஷார். தொழிலாளர் அலுவலகத்தில் வீட்டுப் பணியாளர் நல வாரியத்தில் பதிந்து அட்டை வாங்கிவையுங்கள், 2007 முதலே இருக்கிறது. ஸ்டேஷனுக்கு வா என்று போன் வந்தால் தனியாகப் போகாதீர்கள். சூரியன் மறைந்த பிறகு பெண்ணைக் கைது செய்யக் கூடாது, மீறிச் செய்ய வேண்டுமானால் பெண் அதிகாரி மாஜிஸ்திரேட்டிடம் முன் அனுமதி வாங்க வேண்டும். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச வக்கீல் உண்டு, 15100-க்கு அடியுங்கள். வெள்ளைத் தாளில் கையெழுத்துக் கேட்டால், வக்கீல் வரும்வரை போடவே போடாதீர்கள்.