கடற்காற்றாலைகளும் மீன்பிடித் தொழிலும்

காக்ஸ் டவுன் சந்தையில் மீன் வணிகம் செய்யும் வாடிக்கையாளர் ஒருவர், முதிர்வடைந்த வைப்புத்தொகையைப் புதுப்பிப்பதற்காக அண்மையில் எங்கள் கிளைக்கு வந்திருந்தார். பசுமை வைப்புத் திட்டத்தின் விளக்கத் தாளில் 'காற்றாலை' என்னும் சொல்லைக் கண்டதும் அவர் எழுப்பிய வினா எங்களைச் சற்றே திகைக்க வைத்தது. "என் மைத்துனர் கன்னியாகுமரிப் பக்கம் கடலுக்குப் போகிறவர் சார். அங்கே கடலுக்குள்ளேயே காற்றாலை வைக்கப் போகிறார்களாமே. என் பணம் அவர் பிழைப்புக்கே இடைஞ்சல் ஆகிவிடாதா?" அன்று முழுமையான விடை தர எங்களால் இயலவில்லை. அவ்வினாவை ஒட்டி எழுந்ததே இக்கட்டுரை.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடலாம். முப்பந்தல், ஆரல்வாய்மொழிப் பகுதிகளில் நாம் காணும் காற்றாலைகள் யாவும் நிலத்தில் நிற்பவை. இந்தியக் கடலில் இதுவரை ஒன்றுகூட மின்சாரம் தரவில்லை. ஆனால் ஆயத்தங்கள் நெடுநாளாக நடைபெறுகின்றன. 2015ஆம் ஆண்டு தேசியக் கடற்காற்று ஆற்றல் கொள்கை அறிவிக்கப்பட்டது. தமிழகக் கடலில் ஏறத்தாழ 35 ஜிகாவாட் மின்னாக்கத்துக்கு வாய்ப்புண்டு என மதிப்பிட்டு, எட்டு மண்டலங்கள் அடையாளம் காணப்பட்டன. 2024 ஜூன் மாதம், குஜராத்திலும் தமிழகத்திலும் தலா 500 மெகாவாட் திட்டங்களுக்காக ரூ.7,453 கோடி நிதியுதவிக்கு ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. மன்னார் வளைகுடா தேர்வு செய்யப்பட்டதற்குக் காரணம் எளிது: அங்கே காற்று வலிது, கடலின் ஆழமோ குறைவு. மீன்வளம் செழிப்பதும் அதே ஆழம் குறைந்த கடலில்தான் என்பதே சிக்கல். தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையிலுள்ள 21 தீவுகளும் தேசியக் கடற்பூங்காவாகக் காக்கப்படுவது வாசகர்கள் அறிந்ததே.

கட்டுமானக் காலமே மீனவர்களுக்கு மிகக் கடினமானது. பெரும் எஃகுத் தூண்களைக் கடலடியில் அறையும்போது எழும் ஓசை நீருக்குள் நெடுந்தொலைவு பரவி மீன்களை விரட்டும். ஓசையைத் தணிக்கத் தூணைச் சுற்றிக் காற்றுக் குமிழிகளைத் திரைபோல எழுப்பும் முறை ஐரோப்பாவில் கையாளப்படுகிறது. கட்டி முடிந்தபின் நிலைமை மாறும். தூண்களிலும் அவற்றின் அடியில் கொட்டப்படும் கற்களிலும் சிப்பிகள் படியும். அவற்றை நாடிப் பிற உயிர்கள் வரும். நம் மீனவர்கள் 'பார்' என்று அழைக்கும் கடலடிப் பாறைத் திட்டுக்கு ஒப்பான இடமாக அது மாறலாம். களவா போன்ற மீன்கள் அங்கே கூடுவதற்கும் வாய்ப்புண்டு.

மீன் கூடினால் போதுமா? அதைப் பிடிக்க இடம் வேண்டுமே. தூண்களுக்கிடையே ஒரு கிலோமீட்டரோ அதற்கு மேலோ இடைவெளி இருக்கும். தூண்டில் போடும் சிறு படகுக்கு அது போதுமானது. ஆனால் நீரோட்டத்தோடு மிதந்து செல்லும் செவுள் வலைக்கும், கடலடியில் உரசிச் செல்லும் விசைப்படகின் இழுவலைக்கும் தூண்களும் மின்வடங்களும் இடர். இதில் நாடுகள் ஒரே வழியில் செல்லவில்லை. பிரிட்டன், இயங்கும் காற்றாலைகளுக்கிடையே மீன்பிடிக்க அனுமதிக்கிறது, பெல்ஜியம் தடுக்கிறது. உலகின் முதல் கடற்காற்றாலைத் தொகுதி 1991இல் டென்மார்க்கின் விண்டெபியில் 11 காற்றாலைகளோடு எழுந்தது. அன்று தொடங்கி இத்தனை ஆண்டுகள் கடந்தும், இவ்வினாவுக்கு எல்லாரும் ஏற்கும் விடை இல்லை.

எங்கள் தொழில்சார்ந்த கவலை ஒன்றும் உண்டு. நிலம் கையகப்படுத்தப்பட்டால் பட்டாவைக் காட்டி இழப்பீடு கோரலாம். கடலுக்கு ஏது பட்டா? கரையில் ஏலம்போகும் மீனின் விலை பெரும்பாலும் முன்பணம் தந்த வியாபாரியின் குறிப்பேட்டில் மட்டுமே பதிவாகிறது. மீனவரின் உண்மையான வருமானம் எந்தக் கணக்கிலும் தெரிவதில்லை. நாளை இழப்பீடு வழங்கும் நிலை வந்தால், அதை எதைக்கொண்டு கணக்கிடுவது? ஆதலால் உறவினர் எவரேனும் கடல்தொழிலில் இருப்பின், படகுப் பதிவுச் சான்று, கூட்டுறவுச் சங்க உறுப்பினர் அட்டை, வங்கிக் கணக்கின் வழியே பெற்ற விற்பனைத் தொகை ஆகிய மூன்றையும் பேணுமாறு கூறுங்கள். 2018-19 முதல் மீனவர்களுக்கும் விரிவாக்கப்பட்ட கிசான் கடன் அட்டைக்கு விண்ணப்பிக்கும்போதும் இவை கைகொடுக்கும்.

பசுமை வைப்புக்கு வருவோம். 2023 ஜூன் 1 முதல் நடைமுறையிலுள்ள ரிசர்வ் வங்கி விதிகளின்படி, இத்தொகை எங்கே செலவிடப்பட்டது என்பதை வெளியார் ஒருவர் ஆண்டுதோறும் சரிபார்க்க வேண்டும். ஏனைய வைப்புகளுக்குரிய ரூ.5 லட்சம் வரையிலான காப்பீடு இதற்கும் உண்டு. தகுதியுள்ள துறைகளின் பட்டியலில் புதுப்பிக்கத்தக்க ஆற்றலோடு, சுற்றுச்சூழலுக்கு உகந்த மீன்வளமும் இடம்பெற்றுள்ளது. இதை அந்த வாடிக்கையாளரிடம் காட்டியபோது, "அப்படியானால் இரண்டு பேரும் ஒரே தாளில்தான் இருக்கிறோம்" என்று சிரித்தார். எனினும், இந்தத் திட்டத்துக்கு மட்டுமே என் பணம் செல்லட்டும் என வைப்பாளர் குறித்துச் சொல்ல இயலாது. வங்கி வெளியிடும் ஆண்டறிக்கையைப் படித்து வினவலாம். அதையும் மறைக்காமல் அவரிடம் கூறினோம்.

இரு வாரம் கழித்து அவர் மீண்டும் வந்தார். மைத்துனரின் படகுப் பதிவுச் சான்று நகல் கையில் இருந்தது. கணக்குத் தொடங்க என்னென்ன வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொண்டார். வைப்புத்தொகையை இப்போதைக்குப் பழைய திட்டத்திலேயே ஓராண்டுக்குப் புதுப்பித்துச் சென்றிருக்கிறார்.